உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் பனியனுக்குள் ஒரு மனிதர்

கொச்சிக்குப் போனபோது அண்ணன் மகனுக்கு ஒரு மஞ்சள் பனியன் வாங்கலாம் என்று எர்ணாகுளம் பிராட்வேக்குள் நுழைந்தேன். துணிக்கடையும் குடைக்கடையும் பாத்திரக்கடையும் தோளோடு தோள் இடிக்கும் குறுகலான தெரு அது. ஒரு பக்கம் இறங்கினால் காயல்; மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் படகு. இன்னொரு பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் மகாராஜாஸ் கல்லூரி மைதானம். பனியனை மடித்துக் கொடுத்த கடைக்காரர், முதுகில் இருந்த ‘லூனா’ என்ற பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல மனுஷன்” என்றார். கோல் கணக்கு எதுவும் சொல்லவில்லை. இந்த வாரத் துணுக்குகள் அந்த ஒரு சொல்லிலிருந்து கிளம்பியவை.

★

கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் கேப்டனாக இருந்த அட்ரியன் லூனா உருகுவே நாட்டுக்காரர். 2021இல் கொச்சி அணிக்கு வந்தார். 2022 மார்ச் 20 அன்று கோவாவில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதி ஆட்டத்தில் அவருடைய அணி ஹைதராபாத்திடம் பெனால்ட்டியில் தோற்றது. அடுத்த மாதமே அவருடைய ஆறு வயது மகள் ஜூலியேட்டா இறந்துபோனாள். நுரையீரலில் சளி இறுகி மூச்சை அடைக்கும் பிறவி நோய் அவளுக்கு. ஊர் அறிந்தது ஜூலையில், அவரே எழுதிய பிறகுதான்.

அக்டோபர் 7. கொரோனாவுக்குப் பிறகு கொச்சி கலூர் மைதானத்தில் முதல் ஐ.எஸ்.எல். ஆட்டம், எதிரணி ஈஸ்ட் பெங்கால். 72ஆம் நிமிடத்தில் லூனா கோல் அடித்தார். மஞ்சள் கூட்டம் எழுந்து கத்தியது. அவர் வானத்தைக் காட்டி அழுதார். மகளை இழந்து ஆறு மாதம். வேறு எந்த வேலையிலாவது ஒரு தகப்பன் இவ்வளவு பேர் பார்க்க அழவேண்டி வருமா?

★

அதே லூனாவுக்கு 2023 டிசம்பரில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தப் பருவத்தின் பெரும்பகுதி படுக்கையிலும் உடற்பயிற்சி அறையிலும் கழிந்தது.

★

2014இல் தொடங்கிய பிளாஸ்டர்ஸ் அணிக்கு 2025 மார்ச்சுக்குள் தலைமைப் பயிற்சியாளராக வந்துபோனவர்கள் பத்துப் பேருக்கும் மேல். டேவிட் ஜேம்ஸ் இரண்டு முறை வந்து இரண்டு முறை போனார். இவான் வுகோமனோவிச் மட்டும் மூன்று பருவங்கள் தாக்குப்பிடித்தார். ஸ்வீடனிலிருந்து வந்த மிக்கேல் ஸ்டாரேவுக்குக் கிடைத்தது 12 ஆட்டம். அதில் 3 வெற்றி, 2 சமன், 7 தோல்வி. 2024 டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள்.

பயிற்சியாளர் தனியாளாக வருவதில்லை. அவரை நம்பி வந்த உதவியாளர்களும் அதே நாளில் பெட்டி கட்டுகிறார்கள். பருவத்தின் நடுவில் பிள்ளைகளை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்பது அவர்கள் வீட்டுக் கேள்வி. ‘கோச் மாற்றம்’ என்ற இரண்டு வரிச் செய்தியில் அதற்கு இடம் கிடையாது.

★

2023 மார்ச் 3, பெங்களூரு. பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தயாராகும் முன்பே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃபிரீ கிக்கை அடித்துவிட்டார்; நடுவர் கோல் கொடுத்தார். இவான் தன் அணியை மைதானத்தைவிட்டு வெளியே அழைத்துக்கொண்டார். அதற்கு விலை: கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும். அவர் செய்தது தவறுதான். ஆனால் பிளே-ஆஃப் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், ஒரு விசில் சத்தத்தில் ஒரு வருட உழைப்பு போவதைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறவரின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

★

கேரளம் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபியை முதன்முதலாக வென்றது மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில்தான். 1973 டிசம்பர் 27. ரயில்வேஸ் அணிக்கு எதிராக 3-2. மூன்று கோலையும் அடித்தவர் கேப்டன் மணி. அன்று முதல் 2017இல் இறக்கும்வரை அவர் பெயர் ‘கேப்டன் மணி’தான்.

மணி உத்யோகமண்டலில் உள்ள ஃபாக்ட் உரத் தொழிற்சாலை ஊழியர். அன்றைய எர்ணாகுளத்தில் நல்ல ஆட்டக்காரனுக்கு வேலை காத்திருந்தது. ஃபாக்ட் அணி, களமசேரி பிரீமியர் டயர்ஸ் அணி என்று ஆலைகளே பந்தாட்ட அணி வைத்திருந்தன. சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே வைத்திருந்ததைப் போல. சம்பளம் பெரிதல்ல. ஆனால் கால் உடைந்தாலும் மாதம் பிறந்தால் சம்பளக் கவர் வரும், ஓய்வுபெற்றால் பி.எஃப். வரும். இன்றைய ஒப்பந்த ஆட்டக்காரருக்கு அந்தத் தொகையைப் போலப் பல மடங்கு கிடைக்கலாம். முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு எந்த வாசலில் போய் நிற்பது என்பதற்குத்தான் பதில் இல்லை.

★

அரசு வேலை இருந்தாலும் சிக்கல் வரும். பிளாஸ்டர்ஸ் முன்கள வீரர் சி.கே. வினீத்துக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் திருவனந்தபுரம் கணக்காயர் (ஏ.ஜி.) அலுவலகத்தில் வேலை. 2017இல் அந்த வேலை போயிற்று. காரணம், வருகைப் பதிவு போதவில்லை. பந்தாடுவதற்காகக் கொடுத்த வேலை, பந்தாடப் போனதால் பறிபோனது. பிறகு கேரள அரசு அவருக்குத் தலைமைச் செயலகத்தில் வேலை கொடுத்தது.

இதே வினீத் 2019இல் சென்னையின் எஃப்.சி.க்காக ஆடக் கொச்சி வந்தபோது, பந்து எடுத்துக்கொடுக்கும் சிறுவனைத் திட்டினார் என்று ஒரு வதந்தி பரவியது. நேற்றுவரை அவர் பெயர் சொல்லிப் பாட்டுப் பாடிய ஊர் அது. அவர் காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டிவந்தது.

★

வி.பி. சத்யன் சென்னைக்காரர்களுக்கும் வேண்டியவர். 1965இல் கண்ணூர் மாவட்டத்தில் பிறந்தவர். 1990, 1991 என்று இரண்டு வருடம் தொடர்ந்து ஃபெடரேஷன் கோப்பை வென்ற கேரள போலீஸ் அணியின் தூண். தற்காப்பு வரிசையில் அவர் நின்றால் பின்னால் கோல் காக்கும் கோலிக்கு நிம்மதி. 1992இல் கோயம்புத்தூரில் கோவாவை 3-0 என வென்று, 19 வருடத்துக்குப் பிறகு சந்தோஷ் டிராபியைக் கேரளத்துக்குக் கொண்டுவந்த கேப்டன் அவர்தான். அதே வருடம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கு. இந்திய அணிக்கும் கேப்டனாக இருந்தார்.

பிறகு சென்னை வந்தார். இந்தியன் வங்கியில் வேலை. அணியோடு இருந்தார், பயிற்சியும் கொடுத்தார். காலில் பழைய காயங்களின் வலி விடவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு வந்த மனச்சோர்வும் விடவில்லை. 2006 ஜூலை 18 அன்று, சென்னையில், 41 வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

மனச்சோர்வு ஒரு நோய். சர்க்கரை, ரத்த அழுத்தம் போலச் சிகிச்சை உள்ள நோய். ஆனால் அன்று நம் மைதானங்களில் முட்டிக்கு ஐஸ் கட்டி வைக்க ஆள் இருந்தது. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லை. “கேப்டனுக்கு என்ன குறை?” என்ற எண்ணம்தான் எல்லோருக்கும். 2018இல் ஜெயசூர்யா நடித்த ‘கேப்டன்’ படம் வந்தபோது திரையரங்குகளில் அழுதவர்கள் பலர். அந்த அக்கறையில் ஒரு பங்காவது 2006க்கு முன்னால் கிடைத்திருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

(உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவருக்கோ இப்படிப்பட்ட பாரம் இருந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.)

★

ஜெர்மனியின் தேசிய அணிக் கோலி ராபர்ட் என்கே 2009 நவம்பரில் சத்யன் போன வழியிலேயே போனார். அவரும் தன் சின்ன மகளை இழந்தவர். மனச்சோர்வுக்கு ரகசியமாகச் சிகிச்சை எடுத்துவந்தார். வெளியே தெரிந்தால் அணியில் இடம் போய்விடும் என்ற பயம். அவர் இறந்த மறுநாள் அவருடைய மனைவி பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து அந்த நோயைப் பெயர் சொல்லிப் பேசினார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரியில், அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. அதன் பிறகுதான் ஐரோப்பிய கிளப்புகள் பலவற்றில் இதைப் பற்றி வாய் திறந்தார்கள்.

★

உலகத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 11 நாடுகளில், ஆடிக்கொண்டிருக்கும் 607 பேரிடம் கேட்டதில் 38 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தன. ஆட்டத்தை விட்டவர்களில் 35 சதவீதம். மூன்று முறையோ அதற்கு மேலோ பெரிய காயம் பட்டவர்களுக்கு இந்த ஆபத்து இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். சத்யனின் காலை நினைத்துக்கொண்டு இந்தக் கடைசி வரியை மறுபடி படியுங்கள்.

★

‘செவன்ஸ்’ தெரியுமா? மலப்புறம், பாலக்காடு, கோழிக்கோடு பக்கம் மழை ஓய்ந்ததும் தொடங்கும் எழுவர் பந்தாட்டம். அறுவடை முடிந்த வயலிலும் பள்ளி மைதானத்திலும் கமுகு மரத்தால் கேலரி கட்டி, விளக்குப் போட்டு, இரவில் நடத்துவார்கள். ஆட்டக்காரருக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று காசு. இன்று ஓர் ஊர், நாளை வேறு ஊர். காயம் பட்டால் அந்த வாரம் வருமானம் இல்லை.

பாலக்காட்டுக்காரர் ஆர். தனராஜன் கொல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடியவர்: மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங். 2019 டிசம்பர் 29 இரவு, 39 வயதில், பெரிந்தல்மண்ணையில் ஒரு செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. லட்சம் பேர் முன்னால் ஆடியவர் முப்பத்தொன்பதில் ஏன் இரவு ஆட்டத்துக்கு வந்தார் என்ற கேள்விக்கு, வீட்டுக் கணக்குதான் பதில்.

அவருடைய குடும்பத்துக்கு நிதி திரட்ட அடுத்த மாதம் பாலக்காடு நூரணி பள்ளி மைதானத்தில் ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா, ஐ.எம். விஜயன் எல்லாம் வந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே தற்காலிக கேலரி சரிந்து ஐம்பது பேருக்கு மேல் காயம். உதவி செய்ய வந்த கூட்டத்துக்கும் பாதுகாப்பான பலகை போட முடியாத நிலையில்தான் நாம் பந்தாட்டத்தைக் கொண்டாடுகிறோம்.

★

2021 ஜூன் 12, கோபன்ஹேகன். டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்டார்கள். எட்டே மாதத்தில் மறுபடி பந்தாடினார். அந்த மின் அதிர்ச்சிக் கருவி ஒரு கைப்பெட்டி அளவுதான் இருக்கும்.

★

செவன்ஸுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். எந்த நாட்டுக்காரரானாலும் மலப்புறத்தில் அவர்களுக்கு ‘சுடானி’ என்று பெயர். காயம்பட்ட ஒரு நைஜீரிய வீரரை ஊர்க்காரர் வீடு தாங்கிப் பார்த்துக்கொள்ளும் கதைதான் 2018இல் வந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’. அந்த அன்பு உண்மை. 2024 மார்ச்சில் அரீக்கோட்டில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரை, நிறத்தைச் சொல்லித் திட்டி, துரத்தி அடித்ததும் உண்மை.

★

2004 டிசம்பர் 5, பெங்களூரு கண்டீரவா மைதானம். ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் இரண்டாவது கோலை அடித்த அந்தக் கணத்தில் மோகன் பகான் கோலி சுப்ரதா பாலுடன் மோதி விழுந்தார். எழவில்லை. 2-0 என்று டெம்போ கோப்பையை வென்றது. அவருடைய 10ஆம் எண் பனியனை அந்த கிளப் வேறு யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தது.

மோதிய கோலிக்கும் அப்போது சின்ன வயது. தடை விதித்தார்கள். பின்னாளில் இந்திய அணியின் முதன்மைக் கோலியாகி அர்ஜுனா விருது வரை போனார். ஆனாலும் அவரைப் பற்றிய எந்தக் கட்டுரையும் அந்த ஒரு மோதலைச் சொல்லாமல் முடிவதில்லை, இந்தத் துணுக்கும்தான்.

★

தலையால் பந்தை முட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம், ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் மரணப் பதிவுகளை ஆராய்ந்தது. மூளை நரம்பு தேய்ந்து இறக்கும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. பிறகு இடவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தற்காப்பு வீரர்களுக்குச் சுமார் ஐந்து மடங்கு. தலையால் முட்டாத கோலிகளுக்கு மற்றவர்களைப் போலத்தான்.

இங்கிலாந்து முன்கள வீரர் ஜெஃப் ஆஸ்ல் 2002இல் 59 வயதில் மூளை தேயும் நோயால் இறந்தார். மரண விசாரணை அதிகாரி எழுதிய காரணம்: தொழில்சார் நோய். சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரலில் கரி படிவதுபோல, இவருக்குத் தோல் பந்து.

நம் கதை ஒன்று. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. தற்காப்பு வீரரான அவரை முன்வரிசைக்கு மாற்றினார் பயிற்சியாளர் ரஹீம். கட்டுப் போட்ட தலையோடு அரை இறுதியிலும் இறுதியிலும் கோல் அடித்தார். தங்கப் பதக்கம். சின்ன வயதில் இதை வீரக்கதையாகக் கேட்டு வளர்ந்தவன் நான். கிளாஸ்கோ எண்களைப் பார்த்த பிறகு அதே கதையைக் கேட்டால் வயிறு கலங்குகிறது.

★

அந்தத் தங்க அணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் ஒன்பதே மாதத்தில், 1963 ஜூன் 11 அன்று, நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அந்த அணியின் துளசிதாஸ் பலராம் நுரையீரல் நோயால் 27 வயதில் ஆட்டத்தை விட்டார். தற்காப்பில் ஆடிய இரிஞ்ஞாலக்குடா ஓ. சந்திரசேகரன் கடைசிக் காலம்வரை கொச்சியில்தான் இருந்தார். 2021 ஆகஸ்டில் காலமானார். அந்தத் தங்கத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதே இல்லை.

★

பயிற்சியாளர்களின் இதயம் பற்றி மூன்று வரி. ஸ்காட்லாந்தின் ஜாக் ஸ்டைன் 1985 செப்டம்பரில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் முடியும் தறுவாயில் சரிந்து, மைதானத்தின் மருத்துவ அறையிலேயே இறந்தார். லிவர்பூலின் ஜெரார் ஹூலியே 2001 அக்டோபரில் இடைவேளையில் நெஞ்சுவலி என்றார். 11 மணி நேர அறுவை சிகிச்சை. அதே கிளப்பின் கென்னி டால்கிலிஷ், ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் இறந்தவர்களின் சவ அடக்கங்களுக்கு ஒரே நாளில் நான்கு வரை போனவர். 1991 பிப்ரவரியில், அணி முதலிடத்தில் இருக்கும்போதே, இனி முடியாது என்று விலகிவிட்டார்.

★

சென்னையின் சோகம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2022 நவம்பர். 17 வயதுக் கல்லூரி மாணவி, கால்பந்து ஆடும் பெண். முழங்கால் லிகமென்ட் கிழிந்து அறுவை சிகிச்சை. போட்ட கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றது. காலை எடுத்தார்கள், உயிரும் போயிற்று. மருத்துவர்களின் கவனக்குறைவு என்று அரசே ஒப்புக்கொண்டு இருவரைப் பணியிடை நீக்கம் செய்தது. லிகமென்ட் கிழிவது பந்தாட்டத்தில் அடிக்கடி நடக்கும் காயம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். விளையாட்டுக் காயம் பார்க்கத் தெரிந்த மருத்துவர் பெரிய கிளப் வீரருக்கு மட்டும் போதாது. அரசுப் பள்ளி மைதானத்தில் ஓடும் பெண்ணுக்கும் வேண்டும்.

★

மலப்புறத்துக்காரர் அனஸ் எடத்தொடிகா. 2019 ஜனவரி 14, ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கு எதிரான ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்திலேயே காயம்பட்டு வெளியே வந்தார். கடைசி நேரப் பெனால்ட்டியில் இந்தியா தோற்றது. பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் அன்றே பதவி விலகினார். மறுநாள், 31 வயதில், அனஸ் தேசிய அணியிலிருந்து ஓய்வு அறிவித்தார். புதிய பயிற்சியாளர் அழைத்ததால் சில மாதத்தில் திரும்பி வந்தார். ஒரே தோல்வியில் இரண்டு பேர் வாழ்க்கை திசை மாறியது.

★

2025 ஆகஸ்ட். ஐ.எஸ்.எல். நடத்தும் ஒப்பந்தம் இழுபறியில் நின்றது. பெங்களூரு அணி முதல்நிலை வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளையே நிறுத்தியது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் லீக் அந்த டிசம்பர் முடியும்வரை தொடங்கவில்லை. நட்சத்திரங்களுக்குச் சேமிப்பு இருந்திருக்கும். முதல் ஒப்பந்தத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கிய பையனுக்கு? அணியின் உடைகளைத் துவைத்து அடுக்கும் ஊழியருக்கு? பந்தாட்டத்தை நடத்துவோர் மேஜையில் பேசும்போது கடைசியாக நினைவுக்கு வருகிறவர்கள் இவர்கள்தான்.

★

பிராட்வேயிலிருந்து படகுத்துறைக்கு நடந்து, படகேறி அக்கரை போனால் ஃபோர்ட் கொச்சி. டி.ஏ. ஜாஃபர் அந்த மண்ணின் ஆட்டக்காரர். 1973இல் மணிக்குத் துணைக் கேப்டன். 1992இலும் 1993இலும் தொடர்ந்து சந்தோஷ் டிராபி வென்ற கேரள அணிக்குப் பயிற்சியாளர். சத்யனின் கோயம்புத்தூர் வெற்றிக்குப் பின்னால் நின்றவர் அவர். 2023 டிசம்பரில் காலமானார். 1973 அணியிலிருந்து ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஒரு காலத்தில் மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ ரயில்வேக்கோ ஆடியவர். இப்போது படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறவர். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அடித்த கோலைப் பற்றி அவரே சொல்வார். நீங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள்.